காசிம் அண்ணாச்சியின் வேப்பமரம்

பம்பாய்ப் பக்கம் ஐரோலி ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்து நின்றபோது போன் வந்தது. "மாமா, வாப்பா மவுத்தாயிட்டாங்க" என்று அழுதாள் காசிம் அண்ணாச்சியின் மகள். 'அப்போ மரம்?' என்று கேட்க வாயெடுத்துவிட்டேன். நல்லவேளை, கேட்கவில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அண்ணாச்சி தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தவர். திருநெல்வேலிப் பக்கம் எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த வீடு. அணை கட்டினார்கள், ஊர் தண்ணீருக்குள் போயிற்று. முங்காமல் தப்பித்து எங்களோடு பம்பாய் வந்து சேர்ந்தது ஒன்றே ஒன்று: இரு வீட்டுக்கும் நடுவே நின்ற வேப்பமரம் யாருடையது என்கிற வழக்கு.

பட்டறை மாடியில் ஒரு பிளைவுட் பலகை மேல் அண்ணாச்சி அந்த ஊரைச் செய்து வைத்தார். அட்டையில் வீடுகள், தோல் துண்டில் கூரைகள், பச்சை ரெக்சினைக் கத்தரித்து வேப்பிலை. ஊர்க்காரர்கள் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் சும்மா போவார்களா? ஒருவர் தம் வீட்டுக்கு மாடி கேட்டார்.

"ஊர்ல இருந்தது ஓலக்கூர. எங்கிட்ட வந்து மாடி கேக்கீரே, வே. அத அணக்காரன்ட்ட கேட்டிருக்கணும்" என்றார் அண்ணாச்சி.

என் வழக்கு வேறு. மரத்தை அவர் தம் வீட்டுப் பக்கம் குத்தி வைத்திருந்தார். அவர் டீ சொல்லப் போகும் நேரம் பார்த்து, அதைப் பிடுங்கி இரண்டு விரல்கடை என் பக்கம் குத்துவேன். அடுத்த ஞாயிறு போனால் பழையபடி அவர் பக்கம் நிற்கும். இருவருமே அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டோம். வருஷக்கணக்கில் குத்திக் குத்தி அந்த இடம் சல்லடையாகிவிட்டது.

போன மழைக்காலத்தில் பட்டறை வரிசையைக் காலி செய்யச் சொன்னார்கள். அண்ணாச்சி கல்யாண் ஸ்டேஷன் பக்கம் மகள் வீட்டோடு போய் இருப்பதென்று முடிவாயிற்று. ஊரை டெம்போவில் ஏற்றியதும் மழை பிடித்துக்கொண்டது. குடையை ஊருக்குப் பிடித்துவிட்டு அவர் நனைந்தார். "சாச்சா, அந்தர் பைட்டோ" என்று, உள்ளே வந்து உட்காரச் சொல்லி டிரைவர் கத்தினான்.

"ஒரு தடவ முங்குனது போதும்யா" என்றார் அண்ணாச்சி, குடையை எடுக்காமல்.

உள்ளபடி சொன்னால், மரம் போவதல்ல, அவர் போவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அதை எப்படிச் சொல்வது? "இனி நான் கல்யாண் வரைக்கும் எங்க வர? மரத்தயாவது குடுத்துட்டுப் போங்க, அண்ணாச்சி" என்றேன்.

"மரத்தக் குடுத்துட்டா நீரு எதுக்கு வே வருவீரு?"

போனேன். ஞாயிறுதோறும் ரயிலில் இடிபட்டு, அந்த மனுஷரைத் திட்டிக்கொண்டே போனேன். மகள் வீட்டு ஹாலில் சோபா போட இடமில்லாதபடி ஊர் உட்கார்ந்திருந்தது.

அடக்கம் முடிந்து வந்ததும் மகள் சொன்னாள்: "மாமா, மரத்த நீங்களே எடுத்துக்கிடுங்க. இனி யாரு கேக்கப் போறா?"

எடுக்க மனம் வரவில்லை. வழக்கம்போல இரண்டு விரல்கடை என் பக்கம் நகர்த்திக் குத்திவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறும் போனேன். மரம் நான் குத்திய இடத்திலேயே நின்றது.

வழக்கில் ஜெயித்துவிட்டேன், அண்ணாச்சி. ஒரே ஒரு தடவை வந்து நகர்த்தி வைத்துவிட்டுப் போங்களேன்.