இரண்டு முறை ஏறிய மிக்ஸிகள்

யாராவது “எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு” என்று சொன்னால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். தாம்பரத்தில் எங்கள் அலுவலகத்தில் ஆளுக்கு ஒரு பக்கம். வீட்டுச் சாமான் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கம்பெனியின் பழைய மென்பொருளை உடைத்து, சரக்கு வரவுக்கு ஒன்று, இருப்புக்கு ஒன்று, பில்லுக்கு ஒன்று என்று தனித்தனிச் சேவைகளாக, அதாவது குட்டிக் குட்டி மென்பொருள்களாக ஆக்கியிருந்தோம். ஒன்று சொல்லும், மற்றது செய்துவிட்டுப் பதில் அனுப்பும். ஒவ்வொன்றுக்கும் ஒரு டீம், ஒவ்வொரு டீமுக்கும் ஒரு ரோஷம். நடுவில் நடப்பதைப் பார்ப்பது என் வேலை.

அந்தத் தீபாவளி சமயத்தில் அந்தக் கம்பெனியின் வண்டலூர் குடோனில் மிக்ஸிகள் குறைந்தன. கம்ப்யூட்டர் இருக்கிறது என்றது, அடுக்கில் இல்லை. சரக்கு இறக்கி வைக்கும் முஸ்லிம் பெரியவர், எல்லோரும் பாய் என்று கூப்பிடுபவர், அவர் மேல் கம்பெனி முதலாளியின் கண் விழுந்தது. சாயங்காலம் வாசலில் அவருடைய சாப்பாட்டுப் பையை மட்டும் திறந்து பார்க்கச் சொன்னார். பண்டிகை முடிந்ததும் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று பேச்சு. அந்தப் பைக்குள் மிக்ஸி எப்படிப் போகும் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு அது அநியாயமாகப் பட்டது. அதற்காக அவரை முழுதாக நம்பினேன் என்றும் சொல்ல முடியாது.

கணக்கு உதைத்த நாட்களைத் தேடிப் பார்த்தேன். எல்லாமே பெருங்களத்தூர் நெரிசலில் மாட்டிய லாரிகள் மொத்தமாக வந்து சேர்ந்த நாட்கள். வரவு குவிந்ததில் இருப்புச் சேவை திணறி, தாமதமாகப் பதில் சொல்லியிருக்கிறது. பதிலைக் காணோமே என்று வரவுச் சேவை அதே லோடை மறுபடியும் அனுப்பியிருக்கிறது. குடோனுக்கு ஒரு முறை வந்த மிக்ஸி கம்ப்யூட்டரில் இரண்டு முறை ஏறிவிட்டது.

“பதில் வரல, திரும்பச் சொன்னோம்” என்றது ஒரு டீம்.

“ரெண்டு வாட்டி சொன்னாங்க, ரெண்டு வாட்டி ஏத்தினோம்” என்றது இன்னொன்று.

வந்தது பழைய லோடுதானா என்று சரிபார்ப்பது அடுத்தவர் வேலை என்று இருவருமே விட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் சரி, பாய்தான் திருடன்.

விஷயம் தெரிந்ததும் முதலாளி, இனி பையைப் பார்க்க வேண்டாம் என்றார். மன்னிப்பு மட்டும் அவர் வாயில் வரவில்லை.

மறுநாள் சாயங்காலம் குடோன் வாசலில் நின்றிருந்தேன். பாய் வெளியே வந்தார். யாரும் கேட்காமலே பையைத் திறந்து, டிபன் பாக்ஸ் மூடியையும் எடுத்து என் முன்னால் நீட்டினார். வேண்டாம் பாய், எல்லாம் சரியாகிவிட்டது என்றேன்.

“இருக்கட்டும் மேடம். நீங்களும் ஒரு வாட்டி பாத்துடுங்க.”

முகத்தைத் திருப்பிக்கொள்ளத்தான் நினைத்தேன். அதற்குள் என் கண் பைக்குள் போய்விட்டது.