எல்லாரும் போனோம்

எனக்குப் பள்ளி நாட்களிலிருந்தே டைரி எழுதும் பழக்கம் உண்டு. நண்பர்களுக்குள் ஏதாவது தேதியில் சந்தேகம் வந்தால் என்னைத்தான் கேட்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

கல்பாக்கத்தில் ஒன்றாகப் பிளஸ் டூ படித்த நாங்கள் போன மாதம் மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் கூடினோம். சாப்பாடு முடிந்ததும் பழைய டைரியை எடுத்து வாசித்தேன்: "பரீட்சை முடிந்தது. எல்லாரும் சைக்கிளில் மாமல்லபுரம் போனோம்." அப்போதெல்லாம் நமக்குள் ஏற்றத்தாழ்வே கிடையாது, இந்தக் காலத்துப் பிள்ளைகள்தான் போனும் கையுமாகத் தனித்தனியே கிடக்கிறார்கள் என்று சிறு பிரசங்கமும் செய்தேன். கை தட்டினார்கள்.

புதுப்பட்டினத்தில் செருப்புக் கடை வைத்திருக்கும் நூருல்லா மட்டும் சிரித்தான்.

"இன்னா மச்சான், எல்லாரும்னு எழுதிகீற? நான் எங்க வந்தேன்?"

"நீ வரலியா?"

"எங்க வூட்ல ஏது சைக்கிள்? பின்னாடி குந்திக்கறேன்னு உன்னாண்டதான் கேட்டேன். கேரியர் லூசுன்னு சொல்லிட்ட. அப்பாலிக்கா பாத்தா, உன் டிபன் பாக்ஸு அதுல குந்திகினு போவுது."

மேசையைச் சுற்றிலும் சிரிப்பு. அவனும் சேர்ந்துதான் சிரித்தான். எவ்வளவு யோசித்தும் அவன் கேட்டது எனக்கு நினைவுக்கு வரவில்லை. அவனோ என் டிபன் பாக்ஸைக்கூட மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மற்ற டைரிகளையும் புரட்டினேன். சினிமாவுக்கு, கல்யாணத்துக்கு, திருவிழாவுக்கு என்று பக்கத்துக்குப் பக்கம் எல்லாரும் போயிருக்கிறோம். தேதிகளில் பிழையில்லை. யார் வரவில்லை என்று மட்டும் ஓரிடத்தில்கூட நான் எழுதியிருக்கவில்லை.