ஆறாவது கம்பி

யோகம்மாவுக்கு அந்த டாக்டர் மேல் ஆசை என்று, பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் புக்கிட் மெர்தாஜாமில் பாதிப் பேர் பேசிக்கொண்டார்கள். பேசினவர்கள் வாயில் மண் விழ. ஆசை இருந்தது உண்மைதான். அது மனிதர் மேல் அல்ல, அவர் இங்கிலாந்தில் வைத்திருந்த ஒரு குளிர்ப் பீப்பாய் மேல். இதைச் சொன்னால் எந்த ஊர் நம்பும்?

அவள் அப்பா ரயில்வே குமாஸ்தா. யாழ்ப்பாணத்துக் குடும்பம், பெண் பிள்ளை என்றால் டீச்சர், தவறினால் டைப்பிஸ்ட் என்று ஒரு கணக்கு. அப்பா திடீரென்று கண்ணை மூடிவிட, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில், பத்தொன்பது வயதில், யோகம்மா தீவில் இருந்த பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். உறவுக்காரர்கள் மூக்கைச் சுளித்தார்கள். சுளித்த மூக்குகளில் ஒன்றுகூட ஒரு மூட்டை அரிசி வாங்கித் தரவில்லை.

விடியும் முன் கம்பெனி பஸ், கடல் மேல் பாலம் கட்டி முடியும் காலம்வரை ஃபெரி, அப்புறம் எட்டு மணி நேரம் மைக்ராஸ்கோப்பில் இரண்டு கண்ணையும் புதைத்து உட்கார வேண்டும். நகத்தளவு சில்லு. அதிலிருந்து வெளிக்கால்களுக்குத் தலைமுடியைவிட மெல்லிய கம்பியை வளைத்து ஒட்ட வேண்டும். இழுத்துப் பிடித்தால் அறும். தொங்கவிட்டால் பக்கத்துக் கம்பியில் படும். அந்த வளைவு யோகம்மாவின் கையில் தானாக வந்தது. அவள் வரிசையில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஆனால் ஒட்டிய லட்சக்கணக்கான சில்லுகளில் ஒன்றாவது எங்கே போய் என்ன செய்கிறது என்று அவளுக்குத் தெரியாது. அது அவளை உறுத்திக்கொண்டே இருந்தது.

எண்பத்து நான்கில் டாக்டர் வேதநாயகம் வந்தார். பினாங்கில் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவர். நீண்ட விடுமுறை வந்தால் இங்கிலாந்தில் ஓர் ஆய்வுக்கூடத்துக்கு ஓடிவிடுவார். அங்கே செய்த சில்லுகளில் எப்படி ஒட்டினாலும் குளிரில் வைத்ததும் கம்பி அறுந்துபோயிற்று. தொழிற்சாலை மேலாளரிடம் கெஞ்சி அனுமதி வாங்கிக்கொண்டு, ஒரு சனிக்கிழமை மதியம், அலுமினியத் தாளில் சுற்றிய சில்லோடு அவள் முன்னால் வந்து நின்றார்.

“எவ்ளோ குளிரு சார்? ஐஸ் பொட்டி மாதிரியா?”

“ஐஸெல்லாம் அங்க நெருப்பு லா. பீப்பாய் மாதிரி ஒண்ணுக்குள்ள வைப்போம். இதுக்கு மேல குளிர வைக்கவே முடியாதுன்னு ஒரு எல்லை இருக்கு. கிட்டத்தட்ட அது வரைக்கும்.”

“அப்ப கம்பி சுருங்குமே. நீங்க இழுத்துப் பிடிச்சு ஒட்டியிருப்பீங்க. கொஞ்சம் தொய்வு விடணும் சார்.”

படித்த மனிதர் சில்லை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் தொய்வு விட்டு ஏழு கம்பிகள் ஒட்டிக் கொடுத்தாள். இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. ஒன்றும் அறவில்லை என்று எழுதியிருந்தார்.

அடுத்த முறை வந்தபோது, இந்தச் சில்லுக்குள் என்னதான் நடக்கிறது என்று கேட்டாள்.

“ரெண்டு உலோகம், நடுவுல ஒரு மெல்லிசு சுவர். அந்தக் குளிர்ல கரண்டு சுவத்தை ஏறித் தாண்டாமலே அந்தப் பக்கம் போயிரும். மைக்ரோவேவ் கொடுத்தா, முழு சர்க்கிட்டும் ஒரே ஒரு அணு மாதிரி படிப்படியா ஏறும்.”

“படிக்கு நடுவுல நிக்காதா?”

“நிக்காது. சரியான மைக்ரோவேவ் பட்டதும், அதை அளக்குற மெஷின்ல தாள்ல கோடு போடுற பேனா துள்ளும். பாத்தாத்தான் நம்புவீங்க.”

பாத்தாத்தான் நம்புவீங்க. அந்த வார்த்தை அவளைப் பிடித்துக்கொண்டது. தான் ஒட்டிய கம்பி வழியாக மைக்ரோவேவ் இறங்க, அந்தப் பேனா துள்ளுவதைப் பக்கத்தில் நின்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். பாசாரில் மீனை அழுத்திப் பார்க்கும்போதும் அதே நினைப்பு. கோயிலில் கை கூப்பி நிற்கும்போதும் அதே நினைப்பு. மற்றவர்கள் சாமியிடம் மாப்பிள்ளை கேட்டார்கள், இவள் பேனா கேட்டாள். ஏங்கிப்போனாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

எண்பத்தேழு கடைசியில் நல்ல சேதி வந்தது. அந்த ஆய்வுக்கூடத்தில் கம்பி ஒட்ட ஒரு வருட வேலை. வேதநாயகம் அவள் பெயரைச் சொல்ல, அவர்களும் சரி என்றுவிட்டார்கள். அடுத்த ஆகஸ்டில் கிளம்ப வேண்டும். யோகம்மா பாஸ்போர்ட் எடுத்தாள். கம்பளிச் சட்டை வாங்கி, புழுங்குகிற வீட்டுக்குள் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் வேர்த்து வழிய நின்றாள்.

அவள் வெளியில் சொல்லாத ஒன்று இருந்தது. இடது கண் சில மாதங்களாக மங்கிக்கொண்டு வந்தது. நரம்புக் கோளாறு, கண்ணாடி போட்டுத் தீராது என்று ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். தொழிற்சாலையில் வருடம் ஒரு கண் சோதனை உண்டு. தவறினால் பேக்கிங் பகுதிக்குத் தள்ளிவிடுவார்கள். அதனால் அந்த வரிசைப் பெண்கள் எல்லோருமே எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள். யோகம்மாவுக்குக் கடைசி வரியைச் சொல்லிக்கொடுத்தவள் பக்கத்து இருக்கை மலாய்ப் பெண் ரொஸ்னா. வலது கண்ணை மூடச் சொன்னபோது யோகம்மா தேவாரம் மாதிரி கடகடவென்று ஒப்பித்தாள். நர்ஸ் தலையாட்டி அனுப்பிவிட்டாள்.

தொழிற்சாலைச் சில்லுகளை ஒற்றைக் கண்ணால் ஒப்பேற்றலாம். தப்பு இருந்தால் பின்னால் சோதனை இயந்திரம் பிடித்துவிடும். டாக்டரின் சில்லுக்கு அந்த வழி கிடையாது. அந்த இயந்திரத்தின் கரண்டு பட்டாலே மெல்லிய சுவர் செத்துவிடும்.

எண்பத்தெட்டு ஜூனில் ஒரு சனிக்கிழமை ஒன்பதாவது சில்லைக் கொண்டுவந்தார். நாற்பது செய்ததில் தேறியது இது ஒன்றுதான் என்றார். ஐந்து கம்பிகள் அழகாக விழுந்தன. ஆறாவதை ஒட்டிவிட்டுப் பார்த்தாள். அது தனியாக நிற்கிறதா, ஐந்தாவதன் மேல் சாய்ந்திருக்கிறதா? மேடு பள்ளம் தெரிய இரண்டு கண்ணும் வேண்டும். தலையைச் சாய்த்தாள், விளக்கைத் திருப்பினாள், ஒன்றும் பிடிபடவில்லை. ஏழாவதையும் ஒட்டி மூடி போட்டு, “முடிஞ்சிருச்சு சார்” என்று நீட்டிவிட்டாள்.

அவர் திங்கட்கிழமை விமானம் ஏறுகிறார். கம்பி ஒன்றின் மேல் ஒன்று பட்டிருந்தால், பீப்பாயை மூடிக் குளிர வைத்து ஒரு மாதம் கழித்துத்தான் தெரியவரும். அத்தோடு அவர் விடுமுறையும், அந்த ஒற்றைச் சில்லும் பாழ். சொல்லிவிட்டால் தன் இங்கிலாந்து வேலை பாழ். ரொஸ்னாவிடம் மட்டும் வாய்விட்டுச் சொன்னாள். பதினைந்து வருடம் பக்கத்தில் உட்கார்ந்து தமிழ் பழகியவள் அவள்.

“சொல்லாத லா யோகம். நல்லா இருந்தாலும் இருக்கும். நீ போய் அந்தப் பேனாவைப் பாரு.”

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு லீவு போட்டுவிட்டு விமான நிலையத்துக்குப் போனாள்.

“சார், ஆறாவது கம்பிய அங்க யாராச்சும் பாத்த பெறகு குளிர்ல வைங்க. எனக்குத் தெரியல.”

“என்ன தெரியல?”

“இடது கண்ணு போயிருச்சு. உங்ககிட்ட சொல்லாம இருந்துட்டேன்.”

வேதநாயகம் முதலில் கைப்பையைத்தான் பார்த்தார். சில்லு அதற்குள் இருந்தது. அப்புறம் அவளைப் பார்த்தார். “அப்ப ஆகஸ்டு வேலை...”

“தெரியும் சார். அதுக்குத்தான் ரெண்டு நாளா சொல்லல.”

ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நல்ல மனிதர்தான், ஆனால் அந்த நேரத்தில் அவருக்கு அது தோன்றவில்லை. அறிவிப்பு வந்ததும் உள்ளே போய்விட்டார். சொன்னது சொன்னதுதான் என்று யோகம்மா தொழிற்சாலையிலும் உண்மையைச் சொன்னாள். மறுவாரமே பேக்கிங்குக்கு மாற்றினார்கள்.

செப்டம்பரில் கடிதம் வந்தது. சாப்பாட்டு நேரத்தில், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து பிரித்தாள். ஆறாவது கம்பி எதன் மேலும் படவில்லை, நடுவில் வேண்டிய இடம் இருந்தது என்று எழுதியிருந்தார். படிகள் இதுவரை இல்லாத அளவுக்குத் தெளிவாகத் தெரிந்தனவாம். அவளுக்குப் பேசியிருந்த வேலையில் அந்த ஊர்ப் பெண் ஒருத்தி சேர்ந்துவிட்டாளாம். நீங்கள் உண்மையைச் சொன்னதுதான் சரியான காரியம் என்று முடித்து, பேனா வரைந்த தாளின் நகலையும் வைத்திருந்தார்.

யோகம்மா வலது கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். கோடு நேராக வந்து ஓரிடத்தில் எழும்பி இறங்கியிருந்தது. விரலால் அந்த இடத்தைத் தடவினாள். தாள் வழவழவென்று இருந்தது.

ரொஸ்னா வந்து எட்டிப் பார்த்தாள். “என்னவாம்?”

“நான் ஒட்டுனது சரியாத்தான் இருந்துச்சாம்” என்று சொல்லிவிட்டு, பேக்கிங் பகுதியே திரும்பிப் பார்க்க, யோகம்மா ஓவென்று அழுதாள்.