கோச்சம்மாவைப் பார்க்க ஒரே நாளில் இரண்டு தடவை போனது

டெக்சஸில் ஓடுகிற, நீந்துகிற, பந்தடிக்கிற பிள்ளைகளை வைத்துக்கொண்டு எந்தக் காலேஜ், எந்தக் கோச் என்று அலைகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் டைப் பண்ணுகிறாள். தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது. ஆனாலும் அன்றைக்குக் இவள் கட்டிக் கொடுத்த புளியோதரையில் உப்பு குறைச்சல் என்பது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. (இந்த வரியை டைப் பண்ண மாட்டேன் என்றாள். பண்ணிவிட்டாள்.)

என் பேத்தி நித்யாவுக்கு அப்போது பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். எண்ணூறு மீட்டர் ஓடுவாள். ஓடுகிற வீடியோ கேசட்டைப் பல காலேஜ்களுக்கு அனுப்பினாள். ஒரே ஒரு இடத்திலிருந்துதான் வந்து பார்க்கச் சொன்னார்கள். டீமில் எடுத்தால் பாதி ஃபீஸ் குறையுமாம். என் மகன் செல்வம் கறாராகச் சொல்லிவிட்டான்: "இந்த ஒரு காலேஜ்தான். கிடைச்சா ஓடு. இல்லேன்னா ஷூவை மூட்டை கட்டிட்டு ஒழுங்கா படி."

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, காலை ஏழு மணிக்குப் பிளானோவில் கிளம்பினோம். அதுதான் தப்பு. டாலஸைத் தாண்டவே ஒரு மணி நேரம் ஆயிற்று. ஆறு மணிக்கு முன்னால் கிளம்புங்கள். அப்புறம் 35-ஆம் நம்பர் ஹைவேயைப் பிடித்தால் நேர் ரோடு. மொத்தம் நூற்று அறுபது மைல். வழியில் வேகோ என்கிற ஊரில் நிறுத்திச் சாப்பிட்டோம். நித்யா ஒரு வாய்கூட வைக்கவில்லை.

கோச் ஒரு பொம்பளை. நல்ல உயரம், தலையில் தொப்பி, கழுத்தில் விசில். மைதானத்தைச் சுற்றிக் காட்டினார். ஓடிக் காட்டச் சொல்லவில்லை. காலேஜ் விதி அப்படியாம், வெறும் பேச்சுதான். ஆபீசில் உட்கார வைத்து, "உங்க பொண்ணைப் பத்திச் சொல்லுங்க" என்று செல்வத்திடம் கேட்டாராம். பெரியவர்கள் பேசும்போது பேசக்கூடாது என்று நித்யா குனிந்தே இருந்தாள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் செல்வம் பேசப் பேச அந்தம்மா முகம் விழுந்ததும், பேனாவை மூடி வைத்ததும் தெரிந்தது. கை குலுக்கி அனுப்பிவிட்டார்.

காரில் ஏறிப் பத்துப் பன்னிரண்டு மைல் போனதும் நித்யா வெடித்தாள்.

"தாத்தா, அப்பா என்ன சொன்னார் தெரியுமா? நான் லேசியாம்! எழுப்பினாத்தான் எழுந்திருப்பேனாம். சும்மா சுமாரா ஓடுவேனாம்!"

எழுப்புவதாவது! விடியும் முன்னே இவள் ஷூ மாட்டுகிற சத்தத்தில்தான் நானே எழுந்திருப்பேன்.

"பெத்த பொண்ணைப் பத்தி நானே எப்படிம்மா பெருமையா பேசறது?" என்றான் செல்வம். "கண்ணு பட்டுடும். நம்ம வீட்ல யாராவது அப்படிப் பேசுவாங்களா?"

"அவங்க நம்ம வீடு இல்லப்பா. வண்டியைத் திருப்புங்க. நானே பேசறேன்."

"திரும்பிப் போனா என்ன நினைப்பாங்க?"

நான் பின்சீட்டிலிருந்து சொன்னேன்: "டேய், உன் மாமனார்கிட்ட உன்னை உதவாக்கரைன்னுதான்டா சொன்னேன். அவருக்கு அர்த்தம் புரிஞ்சுது, பொண்ணு கொடுத்தாரு. இந்தம்மாவுக்கு எப்படிடா புரியும்? திருப்பு."

அடுத்த எக்ஸிட்டில் திருப்பினான்.

கோச்சம்மா மைதானத்தில் நின்றிருந்தார். நித்யா தனியாகப் போனாள். நாங்கள் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் வெயிலில் நின்றோம். கையைக் கட்டிக்கொண்டு கேட்ட கோச்சம்மா கொஞ்சம் கொஞ்சமாகக் கையை அவிழ்த்தார். ஒரு கட்டத்தில் சிரித்தார். பிறகு இருவருமாக வேலியோரம் வந்தார்கள். செல்வத்தைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"நிஜமா நான் எப்படின்னு கேக்கறாங்க தாத்தா" என்றாள் நித்யா.

செல்வம் கழுத்து வேர்வையைத் துடைத்தான். கடைசியில், "நாட் பேட்" என்றான்.

பரவாயில்லை என்று அர்த்தமாம்; அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தேன். நித்யா கோச்சம்மாவிடம் ஏதோ சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சிரித்து, வேலிக்கு மேலாகக் கையை நீட்டிச் செல்வத்தின் தோளைத் தட்டினார்.

"என்னடி சொன்ன?" என்று காரில் கேட்டேன்.

"எங்க வீட்ல அதுக்கு மேல வார்த்தை கிடையாதுன்னு சொன்னேன்."

திரும்பும்போது வேகோவில் அவள்தான் முதலில் டப்பாவைத் திறந்தாள். மிச்சப் புளியோதரை முழுவதும் காலி. உப்பைப் பற்றி யாரும் பேசவில்லை.

அடுத்த வாரமே போன் வந்தது. இடம் உண்டு, பாதி ஃபீஸும் உண்டு. செல்வம் போனை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான். அவன் தண்ணீர் குடித்து முடிக்கிற வரைக்கும் நித்யா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

போகிறவர்களுக்கு: காலேஜே செலவை ஏற்றுக்கொண்டால் ஒழிய, பெட்ரோல், சாப்பாடு எல்லாம் உங்கள் கைக்காசுதான், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள், மைதானத்தில் நிழல் கிடையாது. முக்கியமாக, பிள்ளையைப் பேச விடுங்கள். கோச் உங்களைக் கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். நாக்கு வராவிட்டால் காரிலேயே இருங்கள்.

நித்யா காலேஜில் நாலு வருஷமும் ஓடினாள். எப்படி ஓடினாள் என்கிறீர்களா? பரவாயில்லை.