நாற்பத்தோராம் தாள்

அன்னத்தாய்க்கு வாய் கொஞ்சம் நீளம். ஊரில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது, அடுப்பில் ஏற்றியவளுக்குத் தெரிவதற்கு முன்னால் இவளுக்குத் தெரிந்துவிடும் என்று கேலி பேசுவார்கள். உத்தமபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருந்த அந்த ஊரில், எழுதப் படிக்கத் தெரிந்த பொம்பளை அவள் ஒருத்திதான். அஞ்சாம் வகுப்பு. புருஷன் வேலுச்சாமி மலைமேல் ஏலத்தோட்டத்தில் கங்காணி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இறங்கி வருவான். பிள்ளை இல்லை. உள்ளூரிலேயே ஒச்சாண்டிக்கு வாக்கப்பட்டிருந்த தங்கச்சி சந்தனம்மாள்தான் அவளுக்குப் பிள்ளை மாதிரி.

1937ஆம் வருஷம் மதராஸிலிருந்து ராஜமணி என்று ஒரு டாக்டரம்மா வந்தார். வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் கேள்வி கேட்க ஒரு ஆள் வேண்டும் என்றார். நாட்டாண்மை யோசிக்கவே இல்லை.

"நம்ம அன்னத்தாயக் கூப்பிடுங்க. அவ சொல்லாட்டியே கேப்பா, சொன்னா விடவா போறா?"

டாக்டரம்மா உடம்பு நோய்க்கு வந்தவரல்ல. மனசு நோய்க்கு வந்தவர். காரணமில்லாமல் நெஞ்சு அடித்துக்கொள்வது, தூக்கம் போவது, எதிலும் பிடிப்பு விட்டுப்போவது, இதெல்லாம் பட்டணத்தில் படித்தவர்களுக்கு வருகிற நோய், சம்சாரி வீட்டில் வராது என்று பெரிய டாக்டர்கள் எழுதி வைத்திருக்கிறார்களாம். அது மெய்தானா என்று பார்க்க வேண்டுமாம். பதினைந்து வயசிலிருந்து ஐம்பது வரை அறுபது பெண்கள். ஆளுக்கு ஒரு தாள், தாளுக்குப் பன்னிரண்டு கேள்வி. ஆமாம், இல்லை, அவ்வளவுதான் பதில்.

"அஞ்சு ஆமாம் வந்தாப் போதும். அவங்களை நானே நேரில பார்ப்பேன். மதுரையில வச்சு வைத்தியம் பார்க்க ஏற்பாடு இருக்கு. ஆனா வெள்ளிக்கிழமை நான் கிளம்பணும்," என்றார் டாக்டரம்மா.

அந்த வெள்ளிக்கிழமைதான் ஊரில் முளைப்பாரி எடுக்கிற நாள். வீட்டுக்கு வீடு பெண்கள் மண்சட்டியில் எருவைப் பரப்பி, பயறும் மொச்சையும் தூவி, இருட்டறையில் வைத்து நீர் தெளித்து வளர்த்துக்கொண்டிருந்தார்கள். விதையை விதை என்று சொல்லக்கூடாது, முத்து என்றுதான் சொல்ல வேண்டும். முத்துப் போட்ட வீட்டில் எட்டு நாளைக்குக் கெட்ட சொல் கிடையாது. அழக்கூடாது, நோய் நொடி என்று வாயெடுக்கக்கூடாது. எடுத்தால் முளை ஓடாது. ஓடாத வீட்டுக்கு ஆகாது.

இந்த எட்டு நாளில் எவளிடம் கேட்டாலும் 'இல்லை' என்றுதான் வரும் என்று அன்னத்தாய்க்கு நன்றாகத் தெரியும். சொல்லியிருக்க வேண்டும். ஆனால் டாக்டரம்மா அவளைப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார். பிறந்ததிலிருந்து நாற்காலியில் உட்காராதவள். எழுந்து நின்று 'இது சரிப்படாதும்மா' என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. பெருமை விடவில்லை.

முதல் வீடு பஞ்சம்மாள் வீடு. தாளைப் பார்த்ததுமே அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"வந்துட்டாய்யா துக்கம் விசாரிக்க! ஏன்டி, நல்ல நாளும் பொழுதுமா இதான் கேக்குறதா? ஒரு குறையும் இல்ல, எழுதிக்க."

அடுத்த வீட்டிலும் இல்லை. அதற்கடுத்த வீட்டிலும் இல்லை. நாற்பது தாள் இப்படியே போனது. அன்னத்தாய்க்குக்கூட ஒரு கட்டத்தில் சலித்துவிட்டது. கேள்வியைப் பாதியில் நிறுத்திவிட்டு 'இல்லை' போட ஆரம்பித்தாள்.

நாற்பத்தொன்று, சந்தனம்மாள்.

பத்தொன்பது வயசு. புருஷன் அடிக்கிறவன் இல்லை, குடிக்கிறவன் இல்லை. வீட்டில் நெல் இருந்தது, மாடு இருந்தது. அவளுக்கு என்ன குறை என்று கேட்டால் ஊரில் ஒருத்தராலும் சொல்ல முடியாது. அவளாலேயே சொல்ல முடியாது. ஆட்டுக்கல் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள். ஊறப்போட்ட அரிசி புளித்து நாறிக்கொண்டிருந்தது. தலையில் எண்ணெய் வைத்து எத்தனை நாளோ.

"தூங்குறியாடி?" என்று கேட்டாள் அன்னத்தாய், தாளைப் பார்த்தபடி.

"எங்கக்கா. கோழி கூப்பிடுறதுக்கு முந்தியே முழிச்சிருது. நெஞ்சு கெடந்து அடிக்குது. சோத்தப் பாத்தாலே வெறுப்பா வருது. அவுக ஒரு சொல்லு சொன்னதில்ல, பாவம், அவுகளே ஒல வைக்கிறாக. அதப் பாத்தா இன்னும் பயமா இருக்கு. நான் எதுக்குக்கா இருக்கேன்? என்னால முடியலக்கா."

அன்னத்தாய் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள்.

"வாய மூடுடி! முத்துப் போட்ட வீட்ல இதென்ன பேச்சு ஆத்தா? யார் காதுலயாச்சும் விழுந்தா என்ன ஆகும்?"

அப்புறம்தான் இருட்டறைக்குள் போய்ப் பார்த்தாள். சட்டியில் ஒரு முத்தும் வெடிக்கவில்லை. நாலு நாளாகச் சொட்டுத் தண்ணீர் காட்டாமல் எரு பொடிந்து கிடந்தது. ஊர் பார்த்தால் தங்கச்சியை என்ன சொல்லும் என்று அன்னத்தாய்க்குத் தெரியும். பைத்தியம் என்பார்கள், மூதேவி என்பார்கள், ஒச்சாண்டியின் காதைக் கடித்து வேறு பெண் பார்க்கச் சொல்வார்கள். உச்சிப்பொழுதில், தெருவில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, தன் வீட்டில் சாண் உயரம் வளர்ந்திருந்த சட்டியைச் சேலையால் மூடிக் கொண்டுவந்து தங்கச்சி வீட்டில் வைத்தாள். காய்ந்த சட்டியைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போய் நீர் தெளித்தாள். தாளில் பன்னிரண்டு இடத்திலும் 'இல்லை' எழுதினாள். இதையெல்லாம் யாரிடமாவது சொன்னதுண்டா என்பது பன்னிரண்டாவது கேள்வி. அதற்கும் இல்லை.

திருவிழா முடியட்டும், உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மனசறிய ஒரு கெடுதலும் நினைக்கவில்லை, பாவி.

வெள்ளிக்கிழமை சந்தனம்மாள் தலையில் முளைப்பாரி தளதளவென்று போனது. அக்காவுடையது மட்டும் நோஞ்சானாக விரற்கடை நீளத்தில் நின்றது. தெருவே திரும்பிப் பார்த்தது.

"வீடு வீடாப் போயிக் கெட்டதத் தேடுனா மொள எப்படி ஓடும்?" என்று பஞ்சம்மாள் சத்தமாகவே சொன்னாள். அன்னத்தாய் தலை குனிந்து நடந்தாள். உள்ளுக்குள் அவளுக்குச் சந்தோஷம்தான். ஏச்சு தன்னோடு போயிற்று, தங்கச்சி தப்பித்தாள். அன்று மத்தியானமே டாக்டரம்மா அறுபது தாளையும் கட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

அதற்குப் பிறகு அன்னத்தாய் தினமும் போய்க் கேட்டாள். "நல்லாருக்கேன்க்கா," என்றாள் சந்தனம்மாள். ஒவ்வொரு நாளும் அதே சொல், அதே குரல். அக்கா கற்றுக்கொடுத்த பதில்தானே. அன்னத்தாயும் நம்பினாள், நம்புவது சுலபமாக இருந்தது.

திருவிழா முடிந்த பதினேழாம் நாள் துவைக்கப் போகிறேன் என்று ஆற்றுக்குப் போன சந்தனம்மாள் திரும்பவில்லை. துவைக்காத துணி கரையில் மடித்தபடி இருந்தது. ஆற்றில் வழுக்கிவிட்டாள் என்று ஊர் பேசிக்கொண்டது. ஒச்சாண்டி மட்டும் அந்த மடித்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்னத்தாயின் நீளமான வாய் அன்றோடு அடைத்துப்போயிற்று.

தை மாதம் தபால் வந்தது. இங்கிலீஷில் அச்சடித்த ஒரு சிறு புத்தகம், கூடவே தமிழில் ஒரு கடுதாசி. 'உங்கள் ஊரில் அந்த நோய் ஒருவருக்கும் இல்லை என்று எழுதியிருக்கிறேன். பெரிய டாக்டர்கள் சொன்னது சரிதான். உங்கள் ஊர்ப் பெண்கள் கொடுத்துவைத்தவர்கள். உன் உதவிக்கு நன்றி.'

அன்னத்தாய் அதை மூன்று தரம் படித்தாள். பிறகு டாக்டரம்மா விட்டுப்போன வெறுந்தாள் கட்டைப் பரணிலிருந்து எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். வெறும் செவ்வாய்க்கிழமை. விசேஷம் ஒன்றும் இல்லை, எந்த வீட்டிலும் முத்து இல்லை.

பஞ்சம்மாள் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். அன்னத்தாய் தாளை நீட்டவில்லை.

"எந்தங்கச்சி எங்கிட்டச் சொன்னா, பஞ்சம்மா. நாந்தான் வாயப் பொத்திட்டேன். நீயாச்சும் சொல்லு. தூங்குறியா?"

பஞ்சம்மாள் கதவிலிருந்து கையை எடுத்தாள். அப்புறம் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "மூணு வருசமாச்சுடி," என்றாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

எட்டு நாள் பிடித்தது. சில வீட்டில் விரட்டினார்கள், சில வீட்டில் சொல்லி முடிக்கும்வரை எழுந்து போகவிடவில்லை. ஐந்துக்கு மேல் ஆமாம் சொன்னவர்கள் பதினெட்டுப் பேர். அதில் பதினாறு வயசுப் பெண்ணும் உண்டு, பேரன் எடுத்தவளும் உண்டு. டாக்டரம்மாவுக்கு அனுப்ப ஒவ்வொரு தாளையும் பழைய நம்பர் போட்டு அடுக்கினாள்.

கடைசியில் நாற்பத்தொன்று மிஞ்சியது. கேட்பதற்கு ஆள் இல்லை. அன்னத்தாய் தங்கச்சி வீட்டு ஆட்டுக்கல் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டுப் படித்தாள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆமாம் என்று எழுதினாள். பன்னிரண்டாவதை இரண்டு தரம் படித்தாள். இதையெல்லாம் யாரிடமாவது சொன்னதுண்டா?

ஆமாம், என்று எழுதினாள். அது போதாதென்று பக்கத்தில் கோணல்மாணலாக இன்னும் இரண்டு சொல் சேர்த்தாள்: அக்காவிடம் சொன்னேன்.