கோவளத்தில் ஒரு பேக்-செக்

சர்வே வேலைக்கு வரும் புதுப் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "ஜனங்க உண்மையைச் சொல்லுவாங்களா மேடம்?" என்பதுதான். சொல்வார்கள். அதை வாங்கிக்கொண்டு நாம் என்ன செய்கிறோம் என்பதில்தான் வில்லங்கம்.

எழுபதுகளின் நடுவில், ஓர் ஆராய்ச்சித் துறைக்காகச் செங்கல்பட்டு மாவட்டத்தில் குடும்பங்களின் வரவு, செலவு, கடன் விவரம் சேகரித்தேன். கேள்வித்தாளுக்கு எங்கள் பாஷையில் ஷெட்யூல். கோவளத்தில் காதர் பாய் மளிகைக் கடை வைத்திருந்தார். அவர் கடையில் இருந்த நேரத்தில், வீட்டில் அவர் மனைவி மும்தாஜ் அக்கா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கடைசியில் குரலைத் தாழ்த்தினார். பேனாவும் தாளுமாக வந்தவள் என்பதால் நான் அவருக்கு டீச்சர்.

"டீச்சரம்மா, பக்கத்து வூட்டம்மாகிட்ட சீட்டு கட்டிகினு வர்றேன். பொண்ணு கல்யாணத்துக்கு. அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா கடையில போட்டுடுவாரு. அப்புறம் அந்தப் பணத்த கண்ணுல பாக்க முடியாது."

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சொல்லித்தான் எழுதிக்கொண்டேன்.

அடுத்த வாரம் பேக்-செக். நாங்கள் எழுதியது சரிதானா என்று சூப்பர்வைசர் சில வீடுகளுக்கு மறுபடி போய்க் கேட்பார். நல்ல மனிதர்தான். ஆனால் குடும்பத் தலைவரை எதிரில் உட்கார வைத்துக் கேட்டால்தான் அவருக்குத் திருப்தி. அன்று வெள்ளிக்கிழமை; நானும் கூடப் போயிருந்தேன். தொழுகை முடிந்து பாய் வீட்டில் இருந்தார். அக்கா கதவோரம் நின்றிருந்தார்.

"மாசாமாசம் சீட்டு கட்டறதா எழுதியிருக்கே, கரெக்டா?" என்றார் சூப்பர்வைசர், ஊருக்கே கேட்கிற மாதிரி.

பாய் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

"சார், அது வேற வீட்டு பதில். தப்பா இதுல எழுதிட்டேன்" என்றேன்.

"என்னம்மா வேலை பாக்கறே நீ? இப்படி எழுதினா ஆராய்ச்சி விளங்கிடும்!" அந்தப் பதிலை அங்கேயே பேனாவால் அடித்துவிட்டு, என் அன்றைய பேட்டா பணத்தையும் வெட்டினார். எனக்கு எரிச்சல்தான்.

பஸ்ஸுக்கு நின்றோம். சூப்பர்வைசர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து பாய் வந்தார்.

"எங்களால உங்களுக்குத் திட்டு. சீட்டு விஷயம் எனக்குத் தெரியும்மா. சீட்டு புடிக்கிற அந்தம்மாவோட வூட்டுக்காரரு நம்ம சிநேகிதன்."

"அப்புறம் ஏன் தெரியாத மாதிரியே இருக்கீங்க?"

"கடை படுத்துகினு கீது. வட்டிக்கு வாங்குறது நமக்கு ஆவாது. எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சிட்டா, ஒரு நாள் வாய் தொறந்து அந்தப் பணத்த கேட்டுடுவேன். கேட்டா அவ இல்லேன்னு சொல்ல மாட்டா. அப்புறம் பொண்ணுக்கு இன்னா கீது?"

சூப்பர்வைசர் திரும்பி வருவதைப் பார்த்ததும் பாய் கடைப் பக்கம் நடந்தார்.

அந்த வீட்டுச் சேமிப்பு 'இல்லை' என்றே கணக்கில் போனது. அதைத் திருத்த நான் போகவில்லை. இன்றைக்கும் போக மாட்டேன்.

பிள்ளைகளே, புருஷனை வைத்துக்கொண்டு பெண்டாட்டியிடமும், பெண்டாட்டியை வைத்துக்கொண்டு புருஷனிடமும் பணத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். நாம் கேட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவோம். கேட்ட கேள்வி அந்த வீட்டிலேயே தங்கிவிடும்.