அர்த்தநாரி அண்ணனின் கண்ணும் என் காரின் டயரும்

அர்த்தநாரி அண்ணனுக்குக் கொள்ளிக்கண் கிடையாது. அந்தப் பெயரை அவருக்கு வாங்கிக் கொடுத்தவன் நான்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்று உங்களிடம் சொல்ல ஆசைதான். ஆனால் அது பொய்யாகிவிடும். அவரிடமே ஒருமுறை சொன்னேன். சொன்னபிறகு என் நிலைமை இன்னும் மோசமானது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

எங்கள் ஊர் திருச்செங்கோட்டுக்குப் பக்கம். அர்த்தநாரி அண்ணன் எனக்கு எதிர்வீட்டுக்காரர். வீட்டுக்குப் பின்னால் விசைத்தறிக் கொட்டகை வைத்திருக்கிறார். அவருக்கு இருந்த ஒரே பழக்கம், எதைப் பார்த்தாலும் மனதாரப் புகழ்வது. கன்றுக்குட்டியைப் பார்த்தால் புகழ்வார். புதிதாகப் போட்ட தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தால் புகழ்வார். என் மனைவி சுமதி காயப்போட்ட வற்றலைப் பார்த்துவிட்டு, "ஒண்ணொண்ணும் அச்சுல வார்த்த மாதிரி இருக்குதுங்க" என்று நின்று சொல்லிவிட்டுத்தான் போவார். பொறாமை என்பதை அந்த மனிதர் கேள்விப்பட்டிருப்பாரா என்பதே எனக்குச் சந்தேகம்.

நான் யார்? வாகனக் காப்பீட்டு முகவர். வண்டி வாங்குகிறவர்களிடம், "கம்பெனி கொடுத்ததை மாத்தாதீங்க, மாத்துனா எங்களுக்குத் தெரியப்படுத்துங்க, இல்லீனா நஷ்டஈடு கேக்கறப்ப கைய விரிச்சுருவாங்க" என்று வாய் ஓயாமல் சொல்கிறவன். அதுதான் என் பிழைப்பு. ஆகவே, தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கும் வழி எனக்கு இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சுமதியின் தம்பி குமரேசனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளையை மண்டபத்துக்கு அழைத்துப்போவது என் கார்தான் என்று முடிவானது. என்னுடையது சிறிய கார். அதற்கேற்ற மெலிந்த சக்கரங்கள். மாப்பிள்ளை இறங்கும்போது பெண்வீட்டார் முதலில் பார்ப்பது சக்கரத்தைத்தான் என்று எனக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. எனக்கே தோன்றியது...

சேலத்தில் ஒருவர் தன் பெரிய காரிலிருந்து கழற்றி வைத்திருந்த அலாய் சக்கரங்களை வாங்கி வந்தேன். என்ன பளபளப்பு! உயரம் என் டயருக்குச் சரியாக இருந்தது. அகலம்தான் உதைத்தது. சக்கரத்தின் ரிம் ஏழு அங்குல அகலம். என் டயரோ குறுகலானது. அதற்கேற்ற அகலமான டயர் வாங்கியிருக்க வேண்டும். அதுவும் அந்த அகலம் என் வண்டிக்குள் அடங்குமா என்று பார்த்த பிறகு. ஆனால் என் டயர்கள் மாற்றிச் சில மாதங்களே ஆனவை. தூக்கிப்போட மனம் வரவில்லை.

டயர் செய்பவர்கள் ஒவ்வோர் அளவுக்கும் எவ்வளவு அகல ரிம் பொருந்தும் என்று அட்டவணை வெளியிடுகிறார்கள். அதைக் கைபேசியில் தேடிப் பார்த்தேன். என் டயருக்கு ஐந்தரை அங்குலம்தான் எல்லை என்று தெளிவாகப் போட்டிருந்தது. அதை ஒருமுறைக்கு இரண்டுமுறை படித்தேன். பிறகு கைபேசியை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அந்தக் கணத்தைத்தான் நான் இன்றும் சுமக்கிறேன். தெரிந்துகொண்டு அணைத்தேன்.

முதலில் போன கடைக்காரர், "இது நிக்காதுங்க, நான் மாட்ட மாட்டேன்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்த கடைக்காரருக்கு அப்படி ஒன்றும் கொள்கை இல்லை. "ஏத்திரலாமுங்க. ஓடுமான்னு மட்டும் எங்கிட்டக் கேக்காதீங்க" என்றார். நான் கேட்கவில்லை. அவர் காற்றைப் பீய்ச்சி அடித்து, டயரின் விளிம்பை ரிம்மில் ஏற்றினார். வெடி வெடித்தாற்போல் ஒரு சத்தம். கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரைப் போட்டுவிட்டார்.

மெலிந்தவன் சட்டையைத் தொந்திக்காரன் போட்டுப் பொத்தானை இழுத்து மாட்டியதுபோல் இருந்தது டயர். பக்கச்சுவர் சரிந்து, ரிம்மின் விளிம்பு வெளியே துருத்திக்கொண்டு நின்றது. சக்கரமும் வண்டியின் உடம்பைத் தாண்டி வெளியே வந்திருந்தது. அதுவும் சட்டப்படி குற்றம். அதையும் நான் பலருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் காரைக் கழுவி வாசலில் நிறுத்தியிருந்தேன். கல்யாணத்துக்காக மாமியார் எங்கள் வீட்டில் இருந்தார். அர்த்தநாரி அண்ணன் பாலுக்குப் போகிறவர், தூக்குச்சட்டியோடு நின்றுவிட்டார்.

"ஏனுங்க, இது நம்ம காருங்களா? என்ன லட்சணமுங்க! ரோட்டுல போனா ஊரே திரும்பிப் பாக்குமுங்க" என்றார். சுற்றிச் சுற்றி வந்தார். ஒவ்வொரு சக்கரத்தின் முன்னும் குனிந்து பார்த்தார்.

மாமியார் கதவருகே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சரியில்லை. நான் மட்டும் உள்ளுக்குள் பூரித்தேன்.

அன்று பிற்பகல் கிளம்பினோம். முன்னால் பட்டு வேட்டி சட்டையில் குமரேசன். பின்னால் மாமியார், சுமதி, எங்கள் மகள் யாழினி. மண்டபம் குமாரபாளையம் போகிற வழியில் இருந்தது. வழியில் ஒரு வளைவு. சாலையின் ஓரத்தில் மக்காச்சோளம் காயப்போட்டிருந்தார்கள். எதிரே லாரி வந்தது. நான் வேகத்தைக் குறைக்காமல் இடப்பக்கம் ஒடித்தேன்.

முன்பக்க டயர் ரிம்மை விட்டுக் கழன்றது. புஸ்ஸென்று காற்று போனதும் ஸ்டியரிங் என் பேச்சைக் கேட்கவில்லை. ரிம் தாரைக் கீறிக்கொண்டு அலறியது. லாரி, கண்ணாடிக்கு ஒரு முழம் தள்ளி, ஊதிக்கொண்டே கடந்து போனது. யாழினி உட்கார்ந்திருந்த பக்கம்...

பிறகு கார் மக்காச்சோளக் குவியலுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. திறந்திருந்த கண்ணாடி வழியாக வந்து விழுந்த சோளத் தூசியில் மாப்பிள்ளை மட்டும் மஞ்சள் நீராட்டு முடிந்தவன்போல் உட்கார்ந்திருந்தான்.

இறங்கிப் பார்த்தேன். டயரில் ஒரு கிழிசல் இல்லை, ஆணி இல்லை. இடுப்பிலிருந்து நழுவிய வேட்டிபோல் ரிம்மைச் சுற்றிக் கிடந்தது. யார் பார்த்தாலும் தெரிந்திருக்கும். ஆனால் யாரும் டயரைப் பார்க்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"என்னாச்சுங்க மாமா?" என்றான் குமரேசன்.

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் மாமியார் முந்திக்கொண்டார்.

"என்ன ஆவும்? காத்தாலயே நெனச்சேன். அந்த அர்த்தநாரி ஒவ்வொரு சக்கரமாக் குனிஞ்சு பாத்தானே, அந்தக் கண்ணுதான். ஏனுங்க மாப்ளை, நான் சொல்றது சரிதானுங்களே?"

யாழினி சுமதியின் இடுப்பைக் கட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தேன். அவளுக்குப் பின்னால் சாலையில் நீண்டிருந்த கீறலைப் பார்த்தேன்.

"இருக்குமுங்க அத்தை" என்றேன்.

அவ்வளவுதான் நான் பேசியது. அதற்குமேல் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையே வரவில்லை!

கோழித்தீவன மூட்டை ஏற்றிவந்த மினிலாரி ஒன்று குமரேசனை ஏற்றிக்கொண்டது. நாதஸ்வரத்தோடு காத்திருந்த பெண்வீட்டார் முன் அவன் தீவன மூட்டைகளுக்கு நடுவிலிருந்து இறங்கினான். எனக்கு ஸ்டெப்னி மாட்ட உதவ வந்தது யார் தெரியுமா? பின்னாலேயே கல்யாணத்துக்கு மொபெட்டில் வந்துகொண்டிருந்த அர்த்தநாரி அண்ணன்தான். ஸ்டெப்னி பழைய இரும்பு ரிம்மில் இருந்தது. "பாருங்க, இதெல்லாம் எப்படிக் கச்சிதமா உக்காந்திருக்குது" என்றார். மாமியார் பதறிப்போய் ஸ்டெப்னியை முந்தானையால் மறைத்தார்.

நஷ்டஈடு கேட்கவில்லை. கம்பெனியிலிருந்து வந்து பார்க்கும் ஆள் டயரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்திருப்பார். அலாய் சக்கரங்களைக் கழற்றிச் சாக்குக்கு அடியில் ஒளித்துவிட்டு, பழைய ரிம்களை மாட்டிக்கொண்டேன். வண்டி ஒழுங்காக ஓடியது. பழி மட்டும் அர்த்தநாரி அண்ணன் தலையில் இருந்தது.

மண்டபத்தில் பந்தி முடிவதற்குள் கதை பரவிவிட்டது. ஊருக்கு வந்த பிறகு சாட்சிகள் தாமாகவே சேர்ந்தன. ஒருவர் வீட்டு எருமை பால் குறைத்தது. போன மாதம் அண்ணன் அதைப் பார்த்தாராம். இன்னொருவரின் கிணற்று மோட்டார் எரிந்தது. ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் வண்டி வாங்கிய ஒருவர், அண்ணன் தெருவில் வருகிறார் என்றால் தார்ப்பாயை எடுத்து மூடினார். ஒருவன் ரகசியமாக அவரிடம் போய், தன் பங்காளியின் கோழிப்பண்ணையை ஒரு தடவை பார்த்துவிட்டு வரமுடியுமா என்று கேட்டானாம். அவர் அழுதுவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

ஒரு பெயர்சூட்டு விழாவில் குழந்தையைப் பார்க்கக் கூடாதென்று அவர் மேலே சுற்றிய மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். மின்சாரம் போனது. கூட்டம் மொத்தமும் அவரைத் திரும்பிப் பார்த்தது. அன்றைக்குத்தான் அவரும் நம்பிவிட்டார் என்று நினைக்கிறேன். அதன்பிறகு எதையும் புகழவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பால் வாங்கப் போனார்.

எனக்குத் தாங்கவில்லை. ஒருநாள் தறிக் கொட்டகைக்குப் போனேன். அவர் தறியை நிறுத்தினார். எல்லாவற்றையும் சொன்னேன். ரிம்மின் அகலம், அட்டவணை, கைபேசியை அணைத்தது, மாமியாருக்குத் தலையாட்டியது... எதையும் விடவில்லை.  அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சாமி, எம்மேல உங்களுக்கு இத்தனை பாசமுங்களா?" என்றார்.

"அண்ணா, நான் சொல்றது நெசமுங்க."

"தெரியுமுங்க. என்ர பேரு நல்லாகோணும்னு உங்க பேரக் கெடுத்துக்கப் பாக்கறீங்க. இன்சூரன்சுல இருக்கறவரு இப்படிக் காரியம் பண்ணுவாருங்களா? எனக்கு வெவரம் இல்லீனாலும் இதுகூடப் புரியாதுங்களா?"

எவ்வளவோ மன்றாடினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனி உங்க ஊட்டுப் பக்கமே நான் பாக்க மாட்டேனுங்க. நீங்க நிம்மதியா இருங்க" என்றார்.

அதோடு விட்டாரா? பார்க்கிறவர்களிடமெல்லாம், எனக்கு எவ்வளவு பெரிய மனது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் இப்போது புகழ்வது என்னை மட்டும்தான். மாமியார் காதுக்கும் அது போய், "எங்க மாப்ளை அப்படிப்பட்டவரு" என்கிறார்.

ஊர் நடுவே நின்று சொல்லவேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். ஊருக்குச் சொல்லலாம். ஊர் சிரிக்கும், அவ்வளவுதான். சுமதிக்கு எப்படிச் சொல்வது? அந்த வண்டியில் யாழினி இருந்தாள். தெரிந்தேதான் அவளை ஏற்றினேன். அர்த்தநாரி அண்ணன் நம்பமாட்டார், சுமதி நம்பிவிடுவாள். அதனால்தான் அவரிடம் சொன்னேனோ... தெரியவில்லை.

போன வாரம் யாழினிக்குப் புது சைக்கிள் வந்தது. தெருவில் முதல் சுற்று ஓட்டினாள். எதிரே பால் வாங்கிக்கொண்டு வந்த அர்த்தநாரி அண்ணன் அவளைக் கண்டதும் சட்டென்று திரும்பி, சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். அவள் கடந்து போகும்வரை அப்படியே நின்றார்.

அவள் சைக்கிளை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். "அப்பா, பெரியப்பா ஏன் செவத்தப் பாக்கறாரு?" என்று கேட்டாள்.

நான் குனிந்து, அவளுடைய சைக்கிள் டயரில் காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்க்கத் தொடங்கினேன்.